சுக்கான் யார் கையில்?

2024 அக்டோபர் 12, சனிக்கிழமை. ஸ்பெயினின் பார்சிலோனா நகரை ஒட்டிய கடற்பரப்பில் அன்று இரண்டு பாய்மரப் படகுப் போட்டிகள் நடைபெற்றன. ஒன்று, 1851-இல் தொடங்கிய 'அமெரிக்கா கோப்பை'யின் இறுதிச் சுற்று. நியூஸிலாந்தும் பிரிட்டனும் அன்றுதான் அதில் மோதத் தொடங்கின. மற்றொன்று, அக்கோப்பையின் நெடிய வரலாற்றில் முதன்முறையாகப் பெண்களுக்கென்று நடத்தப்பட்ட தொடரின் இறுதிப் பந்தயம். பன்னிரண்டு அணிகள் பங்கேற்ற அத்தொடரில், ஜூலியா கொன்டி தலைமையிலான இத்தாலிய அணி, ஒலிம்பிக்கில் இருமுறை தங்கம் வென்ற ஹன்னா மில்ஸின் பிரிட்டன் அணியை வீழ்த்திப் பட்டம் வென்றது.

பெண்கள் செலுத்திய படகில் நால்வர். இருவர் சுக்கான் பிடித்தனர். இருவர் பாயைச் சீர்செய்தனர். கோப்பைக்கான பெரிய படகில் எண்மர். அத்தகைய இரண்டு படகுகளிலும் இருந்த பதினாறு பேரில் ஒரு பெண்கூட இல்லை.

ஓட்டப்பந்தயத்திலும் பளுதூக்குதலிலும் ஆண், பெண் பிரிவுகள் ஏன் தனித்தனியே இருக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், பாய்மரப் படகை நகர்த்துவது காற்று. காற்றால் நகரும் ஊர்தியைச் செலுத்தும் விளையாட்டில் பெண்களுக்குத் தனி அணியும் தனிப் போட்டியும் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அதனைச் சலுகை என்று சிலரும், ஒதுக்கிவைத்தல் என்று வேறு சிலரும் குறை கூறுகின்றனர். படகுக்குள் யார் எந்த வேலையைச் செய்கிறார் என்பதைச் சற்று உற்றுநோக்கினால் இரு தரப்பாரும் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளக்கூடும்.

பாய்மரப் படகுப் போட்டிகளுள் மிகப் பெரும்பாலானவை பார்சிலோனாவில் நடந்ததைப் போலப் பெரும்பணம் புரளும் திருவிழாக்கள் அல்ல. கடலோர நகரங்களிலும் ஏரிக்கரைகளிலும் உள்ள மன்றங்கள் சனி, ஞாயிறுகளில் நடத்தும் சிறு பந்தயத் தொடர்களே அவை. 'ரெகாட்டா' என்பது அவற்றின் பொதுப்பெயர். வெனிஸ் நகரத்து மொழி உலகுக்குத் தந்த சொல். சனிக்கிழமை மூன்று பந்தயங்கள், ஞாயிற்றுக்கிழமை மூன்று பந்தயங்கள் என்ற அளவில் முடிந்துவிடும். வாரநாள்களில் அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் சென்றுவருவோர் இந்த இரண்டு நாள்களில்தான் பந்தயக் கலையைக் கற்கின்றனர். உலகப் புகழ்பெற்ற மாலுமிகளில் ஏறத்தாழ அனைவரும் இப்படி ஏதேனும் ஒரு வாரயிறுதிப் பந்தயத்திலிருந்து புறப்பட்டவர்களே.

பந்தயத்தின் தொடக்கம் புதியவர்களுக்குப் புதிராகத் தோன்றும். நடுவர் குழுவின் படகில் உள்ள கொடிக்கம்பத்துக்கும் நீரில் நங்கூரமிட்ட ஒரு மிதவைக்கும் இடையே கற்பனையாக ஒரு கோடு. தொடங்க 5 நிமிடம் இருக்கையில் ஒரு கொடி ஏறும். உடன் ஓர் ஒலி எழும். 4 நிமிடம் இருக்கையில் இரண்டாவது கொடி. 1 நிமிடம் இருக்கையில் அந்த இரண்டாவது கொடி இறங்கும். பாய்மரப் படகுக்கு பிரேக் கிடையாது. கோட்டின் பின்னால் அசையாமல் காத்து நிற்கவும் இயலாது. இருபது, முப்பது படகுகள் ஒன்றோடொன்று உரசாமல் சுற்றிச் சுற்றி வந்து, இடம் பிடித்து, நேரம் முடியும் அதே நொடியில் முழு வேகத்தில் கோட்டைத் தொட வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் திரும்பி வந்து மீண்டும் கடக்க வேண்டும். பத்து நொடி பிந்தினால், முன்னால் செல்லும் படகுகளின் பாய்கள் கலைத்துவிட்ட காற்றுதான் கிடைக்கும்.

பந்தயத்தின் முதல் கட்டம் பெரும்பாலும் காற்றை எதிர்த்துச் செல்வதாகவே அமையும். எந்தப் பாய்மரப் படகும் காற்று வரும் திசையை நோக்கி நேராகச் செல்ல முடியாது. சுமார் 45 பாகை விலகி, முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என வளைந்து வளைந்துதான் இலக்கை அடைய வேண்டும். எப்போது திரும்புவது, கடலின் இடப்புறம் போவதா வலப்புறம் போவதா, தொலைவில் நீரின் மேல் படரும் கருமை புதிய காற்றின் அறிகுறியா அல்லது மேகத்தின் நிழலா, நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது? இவற்றுக்கெல்லாம் சில நொடிகளில் விடை காண வேண்டும். அடுத்த காற்று வரும்போது விடைகளும் மாறிவிடும். வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் முடிவாவது இங்கேதான். இந்தக் கண் புத்தகத்தில் கிடைப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் நீரில் இருந்து, தவறான முடிவுகளை எடுத்து, அவற்றின் விலையைத் தந்து பெறுவது அது.

விதிகளும் விசித்திரமானவை. காற்றை வலப்பக்கத்தில் வாங்கிச் செல்லும் படகுக்கு வழியுரிமை உண்டு. இடப்பக்கத்தில் வாங்கிச் செல்லும் படகு விலகிக்கொள்ள வேண்டும். வழக்கமான பந்தயங்களில் இதைக் கண்காணிக்க ஊதல் ஏந்திய நடுவர் எவரும் உடன் வருவதில்லை. விதியை மீறியதை உணர்ந்தவர், தாமே தம் படகை இரண்டு முறை முழுவட்டம் சுற்றித் தண்டனையை நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். தகராறு எழுந்தால், மாலையில் கரையில் விசாரணை நடக்கும். தம்மைத் தாமே தண்டித்துக்கொள்ளும் வழக்கம் நம் அரசியலுக்கும் வந்தால் நன்றாயிருக்கும். அது வேறு பேச்சு.

முதலிடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2 புள்ளிகள் எனக் கணக்கிட்டு, மிகக் குறைந்த புள்ளி பெற்றவர் தொடரை வெல்வார். பொதுவாக, ஒவ்வொருவருக்கும் மிக மோசமாக அமைந்த ஒரு பந்தயம் கணக்கிலிருந்து நீக்கப்படும்.

இத்தனையிலும் தோள்வலிமைக்கு என்ன வேலை? இல்லாமல் இல்லை. பலத்த காற்றில் படகு ஒரு பக்கமாகச் சாயும்போது, அதனை நிமிர்த்த உடலை மறுபக்கத்தில் வெளியே தள்ளித் தொங்க வேண்டும். அங்கே எடையும் தொடைத் தசையும் தேவை. ஒற்றையர் படகுகளில் இதற்கு எளிய தீர்வு காணப்பட்டது. ஒலிம்பிக்கில் ஆண்கள் செலுத்தும் 'இல்கா 7' படகும் பெண்கள் செலுத்தும் 'இல்கா 6' படகும் ஒரே உடல் கொண்டவை. பாயின் பரப்பு மட்டும் ஏறத்தாழ 7 சதுர மீட்டரிலிருந்து 5.8 சதுர மீட்டருக்குக் குறைக்கப்பட்டது. பெரிய படகுகளிலோ கயிற்றை இழுக்கப் பற்சக்கர உருளைகள் உள்ளன. பார்சிலோனாவில் பெண்கள் செலுத்திய 40 அடி படகில் அந்த உழைப்பையும் மின்கலம் ஏற்றுக்கொண்டது. ஆகவே, வலிமை என்ற காரணம் ஆண்டுதோறும் மெலிந்துகொண்டே வருகிறது.

எஞ்சியிருப்பது அனுபவம். அது எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

உலகெங்கும் வாரயிறுதிப் பந்தயங்களில் பரவலாகக் காணப்படும் 'ஜே 24' என்ற 24 அடி படகை எடுத்துக்கொள்வோம். அதில் வழக்கமாக ஐவர் இருப்பர். சுக்கானி, உத்தி வகுப்பவர், பெரிய பாயைப் பார்ப்பவர், முன்பாயைப் பார்ப்பவர், அணியத்தில் நின்று பாய்களை ஏற்றி இறக்குபவர். இந்த ஐந்து வேலைகளும் சமமானவை அல்ல. முன்னிருவர் முடிவெடுப்பவர்கள், மற்றவர்கள் நிறைவேற்றுபவர்கள். இவ்வகைப் படகில் குழுவினரின் மொத்த எடை 400 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது விதி. நல்ல உடற்கட்டுள்ள நான்கு ஆண்கள் ஏறியபின், ஐந்தாமவர் எடை குறைந்தவராக இருந்தாக வேண்டும். பெண் ஒருவருக்கு அழைப்பு வருவது பெரும்பாலும் இந்தக் கணக்கினால்தான். அவருக்குத் தரப்படும் இடம் அணியம். அலை முகத்தில் அறையும் இடம். அந்த வேலைக்கு அசாத்தியத் திறன் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், பத்து ஆண்டுகள் அதைச் செய்தாலும், தொடக்கக் கோட்டை எந்த நொடியில் தொடுவது என்ற முடிவை ஒருமுறைகூட எடுத்திருக்க மாட்டார். பதினோராம் ஆண்டில் சுக்கானியைத் தேடும்போது, 'அனுபவம் உள்ளவர் வேண்டும்' என்று அவரையே ஒதுக்குவார்கள்.

இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லாமல் இருக்கலாம். வெல்ல விரும்பும் அணி, ஏற்கெனவே சுக்கான் பிடித்தவரிடமே மீண்டும் சுக்கானைத் தருகிறது. அந்த வழக்கம் தலைமுறைகளாகத் தொடர்ந்ததன் விளைவைத்தான் பார்சிலோனாவில் பார்த்தோம்.

இதற்கு மறுக்க முடியாத சான்று ஒன்று உண்டு. தனியொருவராகக் கடலைக் கடக்கும் பந்தயங்களில் பெண்கள் வெகு முன்னதாகவே வென்றுவிட்டனர். பிரான்சின் புளோரன்ஸ் ஆர்தோ 1990-இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் 'ரூட் டு ரம்' பந்தயத்தில் ஆண்களை வென்று முதலிடம் பெற்றார். இங்கிலாந்தின் எலன் மெக்ஆர்தர் 24 வயதில், எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் 'வாந்தே குளோப்' பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்றார். 2023 ஏப்ரலில் நிறைவடைந்த 'கோல்டன் குளோப்' பந்தயம் நமக்கு நினைவிருக்கும். நம் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி அதில் இரண்டாமிடம் பெற்றதை நாடே கொண்டாடியது. அவரை முந்திச் சென்று வென்றவர் தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நோய்ஷேஃபர் என்ற பெண். அதைப் பேசியவர்கள் இங்கே குறைவு. நவீனக் கருவிகள் தடைசெய்யப்பட்ட, உடலை உருக்கும் பந்தயம் அது. தனியே செல்பவருக்குச் சுக்கானை யாரும் தர வேண்டியதில்லை. குழுவாகச் செல்லும்போதுதான் ஒருவர் தர வேண்டியிருக்கிறது.

குழுவுக்குள் அந்த இடத்தைப் பெற நடந்த முயற்சி நீண்டது, பலமுறை சறுக்கியது. 1934 அமெரிக்கா கோப்பையில் பிலிஸ் சாப்வித் தம் கணவரின் படகில் இருந்தார். அவருக்குத் தரப்பட்ட பணி, கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வது. அதன்பின் அரை நூற்றாண்டு கழித்து, 1985-86 'விட்பிரெட்' உலகச் சுற்றுப் பந்தயத்தில் டிரேசி எட்வர்ட்ஸ் என்ற இளம்பெண் ஒரு படகில் சமையற்காரராக இடம் பிடித்தார். கரண்டியைப் பிடித்தபடி உலகைச் சுற்றிவந்த அவர், அடுத்த பந்தயத்துக்குத் தாமே ஒரு படகை வாங்கினார். பழைய படகு. வீட்டை அடமானம் வைத்தார். பெண்களுக்குப் பணம் தர விளம்பர நிறுவனங்கள் முன்வராதபோது, ஜோர்டான் மன்னர் ஹுசைன் உதவினார். 'மெய்டன்' என்ற அந்தப் படகில் பெண்கள் மட்டுமே 1989-90 பந்தயத்தில் கலந்துகொண்டனர். முதல் கட்டத்திலேயே திரும்பிவிடுவார்கள் என்று எழுதியவர்கள் உண்டு. தென்பெருங்கடலின் பனிமலைகளுக்கு இடையே சென்ற இரண்டாம் கட்டத்தில் தன் பிரிவில் அப்படகு முதலில் வந்தது. மூன்றாம் கட்டத்திலும் முதலில் வந்தது. இறுதியில் பிரிவில் இரண்டாமிடம்.

மெய்டனில் பணிமுறைத் தலைவர்களில் ஒருவராக இருந்தவர் அமெரிக்காவின் டான் ரைலி. 1995-இல், முந்தைய கோப்பையை வென்ற செல்வந்தர் பில் காக், பெண்கள் அணி ஒன்றை அமெரிக்கா கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இறக்கியபோது, அதன் தலைவராக இருந்தவரும் ரைலிதான். முதல் பந்தயத்திலேயே புகழ்பெற்ற டென்னிஸ் கானரின் படகை அவர்கள் தோற்கடித்தனர். ஆனால், பின்னர் தோல்விகள் அடுத்தடுத்து வந்தபோது அணியின் நிர்வாகம் ஒரு முடிவை எடுத்தது. உத்தி வகுக்கும் இடத்திலிருந்த ஜே.ஜே. ஐஸ்லரை நீக்கிவிட்டு, டேவிட் டெலன்பா என்ற அனுபவசாலி ஆணை அங்கே அமர்த்தியது. கயிறு இழுக்கும் வேலைக்கோ அணியத்துக்கோ ஆண் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்களால் இயலாது என்று பலர் சொல்லிவந்த உடலுழைப்பு வேலைகளையெல்லாம் பெண்களே செய்தனர். ஆண் தேவைப்பட்டது முடிவெடுக்கும் இடத்துக்கு. ஏனெனில், அந்த இடத்துக்குரிய அனுபவத்தைப் பெண்களுக்கு அதுவரை எந்தப் பெரிய படகும் தந்திருக்கவில்லை. அந்த அணி கோப்பைப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 2000-ஆம் ஆண்டுப் போட்டிக்கு 'அமெரிக்கா ட்ரூ' என்ற அணியை நிறுவி நடத்தினார் ரைலி. ஆண்களும் பெண்களும் சேர்ந்து செலுத்திய படகு அது.

பெண்கள் அணி என்பது பெண்களுக்கான பயிற்சிக்கூடம் என்பதை ஐயமின்றி மெய்ப்பித்தது 'டீம் எஸ்சிஏ'. 2014-15 உலகச் சுற்றுப் பந்தயத்தில் கலந்துகொண்ட அந்த ஸ்வீடன் அணி, ஏழு படகுகளில் ஆறாவதாக முடித்தது. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் உதட்டைப் பிதுக்குவர். ஆனால், லிஸ்பனிலிருந்து பிரான்சின் லோரியான் வரையிலான எட்டாம் கட்டத்தை அவர்கள் வென்றனர். மெய்டனுக்குப் பின் கால் நூற்றாண்டு கழித்துப் பெண்கள் குழு ஒன்று பெற்ற முதல் கட்ட வெற்றி அது. அடுத்த பந்தயத்துக்கு அமைப்பாளர்கள் ஒரு விதியை வகுத்தனர். ஆண்கள் மட்டும் என்றால் ஏழு பேர்தான். பெண்களைச் சேர்த்துக்கொண்டால் கூடுதல் ஆள்களை ஏற்றலாம். ஓய்வின்றி இரவும் பகலும் படகு ஓட்டும் பந்தயத்தில் கூடுதலாக ஓர் ஆள் என்பது பெரும் பேறு. அணிகள் பெண்களைத் தேடத் தொடங்கின. அப்போது, உலகைச் சுற்றிவந்த அனுபவத்தோடு ஒரு பெண்கள் கூட்டமே கரையில் தயாராக நின்றது. அவர்களைத் தயார் செய்தது ஆறாவதாக வந்த அந்தப் படகு. அதிலிருந்த கரோலின் பிரவுவர், பிரான்சின் மரி ரியூவுடன் 'டோங்ஃபெங்' என்ற சீன அணியில் சேர்ந்தார். 2018 ஜூனில் அந்த அணி பந்தயத்தை வென்றது. அப்பந்தயத்தை வென்ற முதல் பெண்கள் அவ்விருவரே. அதே டீம் எஸ்சிஏவில் இருந்த டீ கஃபாரி, அதே பந்தயத்தில் ஆண்களும் பெண்களும் கலந்த வேறோர் அணிக்குத் தலைமை தாங்கினார்.

விதி மட்டும் வந்து, பெண்கள் அணி என்ற பயிற்சிக்கூடம் இல்லாது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு ஒலிம்பிக் போட்டியைப் பார்க்கலாம். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே எலென் த பூர்டலெஸ் ஒரு ஸ்விஸ் படகில் இடம்பெற்று, ஒலிம்பிக்கில் வென்ற முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார். இருப்பினும், பெண்களுக்கெனத் தனிப் பிரிவு உருவாக 1988 சியோல் ஒலிம்பிக் வரை காத்திருக்க நேர்ந்தது. '470' என்ற இருவர் படகு அப்போது பெண்களுக்குக் கிடைத்தது. அந்தப் பிரிவில் எந்த நாட்டின் படகானாலும் சுக்கானி ஒரு பெண்தான். அண்மையில், சமத்துவத்தின் பெயரால் ஆண்கள் 470, பெண்கள் 470 இரண்டையும் நீக்கிவிட்டு, ஓர் ஆணும் ஒரு பெண்ணும் செலுத்தும் கலப்புப் பிரிவைக் கொண்டுவந்தனர். எண்ணிக்கையளவில் பழுதில்லை. ஆனால், 2024 ஒலிம்பிக்கின் இரண்டு கலப்புப் பிரிவுகளில் பதக்கம் வென்ற ஆறு படகுகளைப் பார்த்தால், ஒன்றில் மட்டுமே பெண் சுக்கான் பிடித்தார்: 470-இல் தங்கம் வென்ற ஆஸ்திரியாவின் லாரா வாட்லாவ். அவரோ பெண்கள் 470 பிரிவு இருந்த காலத்தில் சுக்கான் பிடித்து வளர்ந்தவர். இனி வரும் தலைமுறைக்கு அந்தப் பிரிவு இல்லை.

இன்று நகரம் நகரமாகச் சென்று வாரயிறுதியின் இரண்டு நாள்களில் நடக்கும் 'செயில் ஜிபி' போட்டிகளிலும் இதே கதைதான். ஒவ்வொரு படகிலும் ஒரு பெண் என்ற ஏற்பாடு வந்தபின், அவர்களில் பெரும்பாலோர் உத்தி வகுப்பவர் இருக்கையில் அமர்த்தப்பட்டனர். முதன்முதலாக ஓட்டுநர் இடத்தைப் பெற்றவர் பிரேசிலின் மார்டின் கிரெயில், 2024-25 பருவத்தில். பெண்கள் இருவர் செலுத்தும் '49இஆர் எஃப்எக்ஸ்' படகில் கஹேனா குன்சேயுடன் சேர்ந்து இரண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சுக்கானி அவர். அவரும் பெண்கள் படகிலிருந்தே வந்தார்.

நம் கடற்கரைக்கு வருவோம். சென்னைத் துறைமுகப் பகுதியில் 1911-இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இளையோரைப் பயிற்றுவித்து வருகின்றன. மற்ற மாநிலங்களில் இவ்விளையாட்டு பெரும்பாலும் படைவீரர்களைச் சார்ந்திருக்கையில், பள்ளி மாணவிகளைக் கடலுக்கு அழைத்துச் சென்றதில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. 2014 இன்சியான் ஆசியப் போட்டியில் வர்ஷா கௌதம், ஐஸ்வர்யா நெடுஞ்செழியன் இணை வெண்கலம் வென்றது. 2018-இல் வர்ஷா, ஸ்வேதா ஷெர்வேகருடன் இணைந்து 49இஆர் எஃப்எக்ஸ் பிரிவில் வெள்ளி வென்றார். ஒற்றையர் பிரிவில் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் படகோட்டத்துக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோவில் 35-ஆவது இடம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 21-ஆவது இடம். இந்த முன்னேற்றத்துக்காக அவர் ஸ்பெயினின் கனேரித் தீவுகளில் நெடுங்காலம் பயிற்சி பெற வேண்டியிருந்தது.

இந்தியக் கடற்படையின் 'தாரிணி' இன்னொரு முன்மாதிரி. 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் அதிகாரிகள் 254 நாள்களில் உலகைச் சுற்றித் திரும்பினர். 2024-25-இல் கேரளத்தின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் இருவர் மட்டுமாக அதே படகில் சுற்றிவந்தனர். பந்தயம் அல்ல என்றாலும், நள்ளிரவுப் புயலில் பாயைக் குறைப்பதா வேண்டாமா என்ற முடிவை எடுக்க அந்தப் படகில் வேறு யாரும் இல்லை.

ஆனால், ஒற்றையர் படகிலும் இருவர் படகிலும் கிடைத்த இந்த வெற்றிகளுக்கு அப்பால், ஐந்து, ஆறு பேர் செலுத்தும் படகுகளில் நம் பெண்களின் நிலை உலகப் போக்கிலிருந்து மாறுபட்டதல்ல. நம்மிடம் கூடுதலாக இரண்டு தடைகள் உள்ளன. முதலாவது, வழக்கம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீண்ட தமிழகக் கடற்கரையில் மீனை விற்பதும், கருவாடு காய வைப்பதும், கடன் கணக்கைப் பார்ப்பதும் பெண்கள். படகில் ஏறுவது பொதுவாக ஆண்கள். மன்னார் வளைகுடாவில் தீவுகளுக்குச் சென்று மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் மட்டுமே பெரிய விதிவிலக்கு. அலையையும் நீரோட்டத்தையும் அவர்கள் அறிந்த அளவுக்கு அறிந்த விளையாட்டு வீராங்கனைகள் சிலரே இருப்பர். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளைப் பாய்மரப் பந்தயத்துக்கு அழைத்து வர இன்னும் போதிய முயற்சி நடக்கவில்லை.

இரண்டாவது தடை, வாரயிறுதி. சனியும் ஞாயிறும் ஓய்வு நாள்கள் என்பது நம் வீடுகளில் ஆண்களைப் பொறுத்தவரையில் உண்மை. உறவினர் வருகை, வாரம் முழுவதும் சேர்ந்த துணிகள், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், முதியோரின் மருத்துவமனை எல்லாம் பெண்ணுக்காக ஞாயிற்றுக்கிழமையில்தான் காத்திருக்கின்றன. ஞாயிறு காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும் என்று மகன் சொன்னால் அது விளையாட்டு ஆர்வம். மருமகள் சொன்னால் வீட்டில் பஞ்சாயத்து. திருமணத்துக்கும் வேலைக்கும் பிறகு இவ்விளையாட்டில் பெண்கள் குறைந்துபோவதற்குக் கடலைவிட வீடே பெரிய காரணம். அணியாகச் சேரும்போது இதற்கும் ஒரு வழி பிறக்கிறது. எட்டுப் பேர் கொண்ட பெண்கள் குழுவில் ஒருவருக்கு வர இயலாத வாரத்தில் இன்னொருவர் வருவார்; படகு நிற்காது. வாராவாரம் இடம் மாறி அமர்வதால் எல்லாரும் எல்லா வேலையையும் கற்பர்.

இதற்குப் புதிய படகோ அரசின் பெரிய திட்டமோ வேண்டியதில்லை. மன்றங்கள் நடத்தும் இரண்டு நாள் பந்தயத் தொடர்களில், ஞாயிற்றுக்கிழமையின் ஒரு பந்தயத்தில் மட்டும் எல்லாப் படகுகளிலும் சுக்கானைப் பெண்ணே பிடிக்க வேண்டும் என்று அறிவிக்கலாம். குழுவில் பெண் இல்லாத படகு ஒருவரைத் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதன்முறை சுக்கான் பிடிப்பவர் தொடக்கக் கோட்டைத் தாமதமாகக் கடப்பார். தவறான பக்கம் திரும்புவார். அணி பத்து இடங்கள் பின்தங்கும் என்று மூத்த மாலுமிகள் முணுமுணுக்கக்கூடும். பின்தங்கலாம்தான். அதற்கென்றே, மோசமாக அமைந்த ஒரு பந்தயத்தைக் கணக்கிலிருந்து நீக்கிக்கொள்ளும் விதி ஏற்கெனவே இருக்கிறது.